பத்துக் கிலோ அரிசியும் அறுபத்து நான்கு படிகளும்

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், படியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், என் இடுப்பில் சாய்ந்தபடி, பத்துக் கிலோ அரிசிப் பை.

காலை பத்து மணி இருக்கும். பினாங்கின் ஆயர் ஈத்தாம் பாசாரில் சாமான் வாங்கித் திரும்பியவள், பாதி வழியில் முட்டி விட்டுப்போய் உட்கார்ந்துவிட்டேன். கீழ் வீட்டில் யாரோ இறால் விழுதான பெலாச்சானை வறுத்துக்கொண்டிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த ஈரம் கைப்பிடிக் கம்பியில் இன்னும் இருந்தது. ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஐந்து, இருபதாயிற்று. இருபது, அரை மணியாயிற்று. அரிசியை விட்டுவிட்டுப் போக மனமில்லை. தூக்கிக்கொண்டு போகத் தெம்பில்லை.

எங்கள் அடுக்குமாடி பழைய காலத்துக் கட்டடம். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு மாடிக்குப் பதினாறு படி. நான் இருப்பது நான்காம் மாடி. இருபத்தெட்டு வயதில் வீடு வாங்கியபோது, உயரத்தில் காற்று நன்றாக வரும் என்று நான்தான் நான்காம் மாடியைக் கேட்டு வாங்கினேன். காற்று இன்றைக்கும் நன்றாகத்தான் வருகிறது. என்னால்தான் வர முடியவில்லை.

எதிர் வீட்டு லிம் அக்கா காய்கறிப் பையோடு ஏறி வந்தார். சீனர். இருபது வருடத்துக்கு மேலாக எங்கள் வாசல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். சண்டை பிடிப்பதும் அதில்தான்.

“என்னா பத்மா, இங்கயே அடுப்பு மூட்டப் போறியா?” என்றார்.

“சும்மா காத்து வாங்குறேன்.”

என் முகத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அரிசியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று ஏறிப் போய்விட்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்!

கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு பின்னால் ஏறினேன். அவமானமாக இருந்தது.

ஒரு பந்தயம்

போன வாரக் கட்டுரையில், நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேண்டீனைப் பற்றி எழுதும்போது, “என் முட்டி என்னைக் கைவிட்ட வருடம்” என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசகி, “அந்த வருடம் என்ன நடந்தது, முழுதாகச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார். முழுதாகச் சொன்னால் என் மானம்தான் போகும். போகட்டும்.

அன்றைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்து ஒரு குவளை தண்ணீர் குடிப்பதற்குள், கோலாலம்பூரிலிருந்து மகள் ஷாமினியின் போன்.

“அம்மா, லிம் ஆன்டி சொன்னாங்க.”

“லிம் ஆன்டிக்கு வேற வேல இல்ல.”

“அரிசியத் தூக்க முடியாம படியில உக்காந்திருந்தியாமே. எத்தன தடவ சொல்றது? லிஃப்ட் இருக்கற எடமா பாத்துப் போயிடலாம். இல்லாட்டி இங்க என்கூட வந்துரு லா.”

சும்மா சொல்லவில்லை அவள். ஒரு வீட்டு ஏஜெண்டையும் பிடித்து வைத்திருந்தாள். மறு வாரமே அந்த ஆள் வந்து என் சமையலறை ஜன்னலைத் திறந்து, பினாங்கு மலை தெரிகிறது என்று மகிழ்ந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு நான் கொடுத்த தேநீரில் பால் இருந்ததாகவே யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த வீட்டுப் பத்திரத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அது என் பெயர். ஷாமினியின் அப்பா அவள் ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே போய்விட்டார். பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றும் உட்கார்ந்தும் நான் சேர்த்த ஒரே சொத்து இந்த நான்கு சுவர். இதைவிட்டு என்னைக் கிளப்புவதாக இருந்தால், நானாகக் கிளம்பவேண்டும்.

போனில் பெரிய சண்டை. கடைசியில் அவள் சொன்னாள்: “சரி. தீபாவளிக்கு வர்றேன். பாசார்லேருந்து பத்து கிலோ அரிசிய நீயே தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறிக் காட்டு. ஏறிட்டீன்னா வீட்டப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியலன்னா கையெழுத்துப் போட்டுரணும்.”

“போடுறேன்” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சீனப் புத்தாண்டு விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த சமயம் அது. தீபாவளிக்கு நிறைய நாள் இருந்தது. அறுபது வயதுக்கு எனக்கு நிறைய நாள் இல்லை.

ஆளுக்கொரு யோசனை

உடம்பைத் தேற்றப் போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், ஊரே மருத்துவராகிவிட்டது. கோயிலில் பார்த்த ஒருவர் தினம் நடக்கச் சொன்னார். பழைய தோழி ஒருத்தி சாக்லேட் வாசனை அடிக்கும் ஒரு மாவை என் தலையில் கட்டினாள். சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்க வேண்டியதாம். நான் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு டானிக் போலக் குடித்தேன். இரண்டே வாரத்தில் பாவாடை நாடா பத்தவில்லை.

சமூக மண்டபத்தில் ஜூம்பா ஆட்டத்துக்கும் ஒருநாள் போனேன். எல்லாரும் வலது பக்கம் திரும்பும்போது நான் இடது பக்கம் திரும்பி, முன்னால் நின்ற அம்மாளின் மூக்குக்கு நேரே நின்றேன். மறுநாள் போகவில்லை.

அரசாங்க கிளினிக்கில் ஓர் இளம் மலாய் டாக்டர்தான் விஷயத்தைப் பிட்டு வைத்தார். என் எலும்பு மெலிந்துவிட்டதாம். சர்க்கரையும் எல்லைக் கோட்டில் நிற்கிறதாம்.

“அப்ப கனமா எதையும் தூக்கக்கூடாதுங்களா?” என்று கேட்டேன். இதைத்தான் ஷாமினியும் சொல்லிக்கொண்டிருந்தாள். உட்காரு, தூக்காதே, குனியாதே.

“தூக்கணும்” என்றார் டாக்டர். “நடக்கறது நல்லதுதான். ஆனா எலும்புக்கும் தசைக்கும் அது மட்டும் பத்தாது. சரியா சொல்லிக்குடுக்கற ஆள்கிட்ட கத்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா கனத்தக் கூட்டித் தூக்கணும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது சிரிப்பும் வந்தது. அரிசி தூக்க முடியாமல் போனதற்கு மருந்து, இன்னும் தூக்குவதுதான்.

டயர் கடைக்கு மேலே

டத்தோ கிராமாட்டில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ரோசியின் ஜிம். படியேறும்போதே ரப்பர் வாசனை. காலை வேளைகளில் பெண்களுக்கு மட்டும்.

ரோசி கத்தோலிக்கத் தமிழச்சி. நாற்பதைத் தாண்டியவள். முன்பு ஒரு மருத்துவமனையில் கால் கை உடைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அவள் கையைப் பார்த்தால் உடைத்ததும் அவளாகவே இருக்கும் என்று தோன்றும்.

“எதுக்குக்கா வந்திருக்கீங்க? எளைக்கணுமா?”

அரிசியையும் மகளையும் பந்தயத்தையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொருத்தியின் பெயருக்கும் எதிரே அவள் எதற்காக வருகிறாள் என்று எழுதியிருந்தது. ஒருத்திக்கு ‘கல்யாண பிளவுஸ்’. இன்னொருத்திக்கு ‘முதுகு வலி’. ரோசி பேனாவை எடுத்து ‘பத்மா அக்கா: அரிசி’ என்று எழுதினாள்.

“இதுதாங்க்கா நல்ல கணக்கு. எத்தன கிலோ, எத்தன படி, எந்த நாளுன்னு தெரியுது. மெலியணும்னு மட்டும் சொல்லிக்கிட்டு வர்றவங்களுக்கு எங்க போய் நிக்கறதுன்னே தெரியாது.”

இரும்பைக் கையில் கொடுப்பாள் என்று பார்த்தால், நாற்காலியைக் கொடுத்தாள். கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். பத்துத் தடவை. ஆறாவது தடவை தொடை நடுங்கியது. பிறகு துடைப்பக் கட்டையை முதுகில் வைத்து, முதுகு வளையாமல் குனியும் பயிற்சி. எனக்கு அது பிடிபடவே இல்லை. ரோசிதான் ஒரு வழி சொன்னாள்.

“ரெண்டு கையிலயும் பாசார் சாமான். கெரேத்தா கதவ எப்படிச் சாத்துவீங்க?”

“காரு கதவயா? இடுப்பால இடிச்சு.”

“அதான். அந்த இடுப்பப் பின்னால தள்ளுங்க. முதுக விட்டுருங்க.”

சட்டென்று புரிந்தது. அன்றைக்கு முதன்முறையாகக் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு ஒன்றைத் தரையிலிருந்து தூக்கினேன். ஆறு கிலோ. தூக்கி நின்றபோது முட்டியில் வலியே இல்லை. சின்னப் பிள்ளைபோல இன்னொரு தடவை தூக்கினேன். எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

திங்கள், புதன், சனி. மற்ற நாள்களில் ஓய்வு. “தூக்கறப்ப பலம் வராதுக்கா. தூக்கிட்டு, சாப்ட்டுட்டு, தூங்குறீங்க பாருங்க, அப்பதான் வரும்” என்று ரோசி தெளிவாகத்தான் சொன்னாள். அதை நான் கேட்டுக்கொண்டேனா என்பதுதான் இந்தக் கதை.

வாய்க்குள் போவதெல்லாம்

ஒரு வாரத்துக்கு வாய்க்குள் போவதையெல்லாம் எழுதிவரச் சொன்னாள். நான் தொழிற்சாலையில் ஒரு மிஷின் வரிசைக்கே லைன் லீடராக இருந்தவள். நாற்பது பெண்கள் என்னை ‘லீடர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எழுதுவதில் ஒளிக்கமாட்டேன். காலையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் இரண்டு, குழம்பு வழிய வழிய. நுரைக்க ஆற்றிய பால் தேநீர், தே தாரேக், ஒன்று. மதியம் ஒரு குன்று சோறு, குழம்பு, அதன் ஓரத்தில் ஒரு கெம்போங் மீன். சாயங்காலம் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் இரண்டு, இன்னொரு தே. இரவு, மதியம் மிஞ்சிய குன்று.

ரோசி படித்துவிட்டு, “இதுல அந்த மீன் ஒண்ணுதான்கா ஒங்க தசைக்கு வேல செய்யுது. பாவம், தனியா செய்யுது” என்றாள்.

அவள் எதையும் விலக்கச் சொல்லவில்லை. வரிசையை மாற்றினாள். ஒவ்வொரு வேளையும் முதலில் உள்ளங்கை அளவுக்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ. பிறகு காய். பிறகு ஒரு கைப்பிடி சோறு. ரொட்டி சானாய் வாரத்தில் ஒருநாள். தேநீரில் சீனி கிடையாது.

அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குக் கண்ணீரை வரவழைத்தது. பாசார் முனைக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே தே தாரேக் ஆற்றத் தொடங்கிவிடுவார். “தே ஓ கோசோங்” என்றேன் ஒருநாள். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். அவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

“என்னாக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஒடம்பு சரியாகறதுக்குத்தான்.”

ஒரு மாதம் கசந்தது. பிறகு பழகிவிட்டது. ஆண்டின் நடுவில் எட்டுக் கிலோவைப் பையில் போட்டுக்கொண்டு ஜிம்முக்குள் ரவுண்டு அடித்தேன். சேலைக் கடையில் பிளவுஸ் தைக்க அளவெடுத்த பெண், “ஆன்டிக்கு கை நல்லா இறுகியிருக்கே” என்றாள். அன்றைக்கு இரண்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன்.

ஓ.டி. புத்தி

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் காலத்தில் பாயான் லெப்பாஸ் பெண்களுக்கு ஓ.டி. என்றால் உயிர். வேலை நேரம் முடிந்து சூப்பர்வைசர் வந்து, “ஓவர்டைம் யார் யார்?” என்று கேட்டால், எழும் முதல் கை என்னுடையதாக இருக்கும். இந்த வீடு ஓ.டி. ஷாமினியின் டியூஷன் ஓ.டி. அவள் அப்பாவின் கருமக்கிரியைகூட ஓ.டி.யில் செய்ததுதான். “இன்னைக்கு ஓ.டி. வேணாம்” என்று சொல்பவளை நாங்கள் ஒரு மாதிரி பார்ப்போம். அவள் சோம்பேறி, அல்லது பிள்ளைத்தாய்ச்சி.

இப்படி முப்பது வருடம் இருந்தவளிடம் போய், “செவ்வாய், வியாழன் ஓய்வு” என்றால்?

ரோசிக்குத் தெரியாமல் ஓ.டி. பார்த்தேன். செவ்வாயும் வியாழனும் காலையில் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். முதலில் இரண்டு தடவை. பிறகு மூன்று. பிறகு நான்கு. முட்டி கொஞ்சம் முனகியது. மிஷின் என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது புரட்டாசி பிறந்தது.

நான் புரட்டாசி முழுதும் சைவம். சனிக்கிழமைகளில் மதியம் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர்தான். ரோசி முன்கூட்டியே கேட்டாள்: “அக்கா, புரட்டாசி வருதே. மீன், முட்ட இல்லாம என்னா சாப்பிடப் போறீங்க? ஒரு தடவ உக்காந்து எழுதிப் பாத்துருவோமா?”

“முப்பது வருஷமா புரட்டாசி இருக்கேன். எனக்குத் தெரியாதா?” என்றேன்.

தெரியத்தான் தெரியும். முந்தைய புரட்டாசிகளில் சாம்பாரும் உருளைக்கிழங்கும் அப்பளமும் குன்று சோறுமாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது குன்று, கைப்பிடியாகிவிட்டது. மீனும் முட்டையும் போய்விட்டன. தவ்வு என்கிற சோயாக் கட்டியை எனக்குப் பிடிக்காது. மிச்சம் என்ன? ஒரு கைப்பிடி சோறு, ரசம், கீரை. அதை வைத்துக்கொண்டு வாரம் மூன்று நாள் ஜிம், இரண்டு நாள் ஓ.டி.

மூன்றாவது சனிக்கிழமை. வெறும் வயிறு. ஜிம்முக்குப் போய் எல்லாவற்றையும் தூக்கினேன். திரும்பி வந்ததும், அந்த வாரம் வியாழக்கிழமை மழையில் விட்டுப்போன ஓ.டி. ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்து அரிசிப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஏறும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவர் கொஞ்சம் சாய்ந்தாற்போல் இருந்தது.

கண் விழித்தபோது லிம் அக்காவின் முகம். தைல வாசனை. உதடு வீங்கியிருந்தது, முழங்கை சிராய்த்திருந்தது. எலும்பு எதுவும் உடையவில்லை. அது என் அதிர்ஷ்டம், என் புத்திசாலித்தனம் இல்லை. லிம் அக்கா பிடித்து உட்கார வைத்து, இரண்டு குவளை தே ஓ கொடுத்தார். சீனி நிறைய போட்டது. விரதமாவது ஒன்றாவது, குடித்தேன்.

குடித்து முடித்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஷாமினிகிட்ட மூச்சு விடக்கூடாது.”

லிம் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சரி” என்றார்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

சாயங்காலம் ஷாமினி போன் செய்தாள். வீடியோவில் வந்தால் உதடு காட்டிக்கொடுத்துவிடும். கேமரா கெட்டுவிட்டது என்றேன். பேச்சும் கொஞ்சம் குழறியது.

“ஏம்மா ஒரு மாதிரி பேசுற?”

“வாய்ல வடை.”

“வேற ஒண்ணும் இல்லியாம்மா?” என்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

லைனை நிறுத்துதல்

ரோசியிடம் தப்ப முடியவில்லை. முழங்கையைப் பார்த்தாள், பார்த்த பார்வையில் படிக்கட்டு, ஓ.டி., ரசம் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அக்கா, லைன்ல மிஷின் சூடாயிடுச்சு. என்னா செய்வீங்க?”

“நிறுத்துவேன்.”

“மேனேஜர் ஏசுவாரே.”

“ஏசட்டுமே. நிறுத்தலன்னா பூராப் பொருளும் கெட்டுப்போயிடும்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயில் நானே மாட்டிக்கொண்டது தெரிந்தது. உண்மையில் ஒருமுறை அப்படி நிறுத்தியிருக்கிறேன். ஏற்றுமதிக்குப் பெட்டிகள் காத்திருந்த நாளில், கருகல் வாசனை வந்ததும் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். மேனேஜர் நாற்பது பேர் முன்னால் என்னைக் கிழித்தார். மாலையில் மிஷினைத் திறந்து பார்த்தவர்கள், இன்னும் அரை மணி விட்டிருந்தால் பற்றி எரிந்திருக்கும் என்றார்கள். அந்த மிஷினுக்குக் காட்டிய கருணையை என் முட்டிக்கு நான் காட்டவில்லை.

கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காலி வயிற்றோடு படியேறியதற்காக ஒரு பாட்டம் திட்டினார். ஒரு வாரம் ஒன்றும் தூக்கவில்லை.

அந்த ஓய்விலேயே ரோசியும் நானும் உட்கார்ந்து மிச்சப் புரட்டாசிக்குச் சாப்பாட்டை எழுதினோம். சனிக்கிழமை விரதத்தை விடமாட்டேன் என்றேன். “விடச் சொல்லலையே. ஜிம்ம வெள்ளிக்கி மாத்திப்போம்” என்றாள். பெருமாளுக்கும் கோபமில்லை, ரோசிக்கும் கோபமில்லை. கொண்டைக்கடலை, தயிர், பச்சைப்பயறு, பால். தவ்வைச் சதுரமாக வெட்டி, மிளகும் சோம்பும் போட்டுக் கோழி வறுவல் மாதிரி வறுத்துப் பார்த்தேன். அப்படிச் செய்தால் தவ்வுக்கே தான் தவ்வு என்பது மறந்துவிடுகிறது.

செவ்வாய், வியாழன் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது இரும்பு தூக்குவதைவிடச் சிரமம். கை அரிக்கும். ஆனால் நான்கே வாரத்தில், ஓ.டி. பார்த்த நாள்களில் தூக்க முடியாததைத் தூக்கினேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. முப்பது வருட நம்பிக்கையாயிற்றே.

தீபாவளிக்கு முதல் நாள்

ஷாமினி வந்தாள். மறுநாள் தீபாவளி. பாசாரில் நடக்க இடமில்லை. செவ்வந்திப் பூவும் வெற்றிலையும் முறுக்கு மாவும் ஒரே நெரிசல். அவளே கடையில் போய் ஒரு பத்துக் கிலோ பையை எடுத்து என் காலடியில் வைத்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

இடுப்பைப் பின்னால் தள்ளினேன். தூக்கினேன். வீடு வரை தோள் மாற்றித் தோள் மாற்றி வந்தேன். என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தாள்.

முதல் மாடி. இரண்டாம் மாடி. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் சீராக அடித்தது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் பையை மெதுவாக இறக்கி வைத்தேன். மூச்சு விட்டேன்.

“நின்னுட்ட” என்றாள் ஷாமினி.

“நின்னா என்னா? நிக்கக் கூடாதுன்னு நீ சொல்லலையே.”

இரண்டு நிமிடம் நின்றேன். மறுபடி தூக்கினேன். பதினாறு படியும் ஏறி, கதவைத் திறந்து, சமையலறை வரைக்கும் போய் அரிசியை மேடையில் வைத்தேன். கத்திச் சிரிக்கலாம் போலிருந்தது.

ஷாமினி என் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, போனை எடுத்தாள்.

“யாருக்கு?”

“ஏஜெண்டுக்கு. சொன்னா சொன்னதுதான். வீடு விக்கலன்னு சொல்லிடறேன்.”

நான் ஜெயித்துவிட்டேன். அங்கேயே வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். முடியவில்லை. கெட்டுப்போன பொருளை நல்லது என்று சொல்லி நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. சொன்னால் வீடு போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் சொன்னேன்.

“இரு. பண்ணாத. ஒண்ணு சொல்லணும்.”

அவள் நிமிர்ந்தாள்.

“புரட்டாசில, மூணாவது சனிக்கிழம, மூணாவது மாடில மயங்கி விழுந்துட்டேன். சாப்பிடாம, ரோசி சொன்னத கேக்காம, வீம்புக்குத் தூக்கினேன். லிம் அக்காதான் எழுப்பி உக்கார வெச்சாங்க. வாய்ல வடைன்னு சொன்னது பொய். ஒதடு வீங்கியிருந்துச்சு. ஒன்கிட்ட மறைச்சுட்டேன்.”

ஷாமினி போனை மேசையில் வைத்தாள்.

“தெரியும்” என்றாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. “சத்தியம் பண்ணினாளே அந்த லிம்!”

“சத்தியம் பண்றதுக்கு முன்னாடியே எனக்கு போன் பண்ணிட்டாங்கம்மா. நீ கண்ணு முழிக்கறதுக்குள்ள.”

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“அப்பவே கார எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். முக்கா வழி, தைப்பிங் வந்ததும் ஆன்டிக்கு மறுபடி அடிச்சேன். நீ நல்லாத்தான் இருக்க, வீட்டுக்குள்ள நடக்குற, கஞ்சி குடிச்சன்னு சொன்னாங்க. கார ஓரமா நிறுத்திட்டு ஒனக்கு அடிச்சேன். வாய்ல வடைன்னு சொன்ன. ஒண்ணுமில்லன்னு சொன்ன. அப்படியே திரும்பிப் போயிட்டேன்.”

நான் ஒரு குவளை தண்ணீரை அவள் முன்னால் வைத்தேன்.

“அரிசிய தூக்குறியா இல்லியான்னு பாக்க நான் வரலம்மா. நீயா சொல்லுவியா மாட்டியான்னு பாக்கத்தான் வந்தேன். விழுந்தா விழுந்தேன்னு எனக்குச் சொல்ற அம்மா இங்க தனியா இருக்கலாம். மறைக்கிற அம்மாவ எப்படிம்மா விட்டுட்டுப் போறது? நீ சொல்லாம இருந்திருந்தா, பத்து கிலோ இல்ல, அம்பது கிலோ தூக்கியிருந்தாலும் வீட்ட விக்க வெச்சிருப்பேன்.”

“மொதல்ல போன எடுத்தேனே, அது சும்மாதான்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் போனை எடுத்தாள். இந்தத் தடவை உண்மையாகவே நம்பரை அழுத்தினாள். மலாயில், வீடு விற்பனைக்கு இல்லை, மன்னிக்கவும், அம்மா இங்கேதான் இருப்பார் என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

நான் அழுதேன். வீடு தங்கியதற்காக அழுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். தைப்பிங்கில், சாலை ஓரத்தில், என் பொய்யைக் கேட்டுவிட்டு ஒரு குறைகூடச் சொல்லாமல் காரைத் திருப்பிக்கொண்டு போனாளே, அந்தப் பிள்ளைக்காகத்தான் அழுதேன்.